நெப்ராஸ்கால 160 ஏக்கர் சும்மா குடுத்தாங்களாமே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவோட நடுவுல இருக்குற நெப்ராஸ்கா மாநிலத்துல, ஒமாஹா ஊர்ல குடியிருக்கேன். ஊர்ல இருந்து வர்ற அப்பா அம்மாக்கள், புதுசா வேலைக்கு வந்து சேர்ற தம்பிங்க, நடுவுல ரோடு ட்ரிப் போறப்ப ஒரு ராத்திரி தங்கிட்டு போற நண்பர்கள்னு எல்லாரையும் வண்டில ஏத்திக்கிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்குற ஹோம்ஸ்டெட் பார்க்குக்கு (அந்தக் காலத்துல குடியேறுறவங்களுக்கு அரசாங்கம் நிலம் குடுத்ததோட நினைவிடம்) கூட்டிட்டு போறது என் வழக்கம். போற வழியில வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், கேக்குற ஆளுதான் மாறும். அதனால எழுதியே வெச்சுட்டேன், அவங்க கேட்ட மாதிரியே.

நெப்ராஸ்கான்னா என்னங்க அர்த்தம், அங்க என்னதான் இருக்கு?

ஓட்டோங்கிற பூர்வகுடி மக்களோட மொழில "தட்டையான தண்ணி"ன்னு அர்த்தம். பிளாட்னு (Platte) இங்க ஓடுற ஆத்தைத்தான் அப்படி சொன்னாங்க. நல்லா அகலமா இருக்கும், ஆனா முழங்கால் ஆழம்கூட இருக்காது, நடுவுல எல்லாம் மணல் திட்டு. நம்மூர் கோடைகால ஆறு பாத்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல.

என்ன இருக்குன்னா புல்லு இருந்துச்சு. 1820ல மேஜர் ஸ்டீபன் லாங்னு ஒருத்தர் ராணுவத்துக்காக சுத்திப் பாத்துட்டு போனப்ப அந்த குரூப் போட்ட மேப்ல இந்த பக்கத்துக்கு "பெரிய அமெரிக்கப் பாலைவனம்"னு பேர் எழுதிட்டாங்க. அதனால 1840கள்ல இருந்து ஓரிகன், கலிஃபோர்னியான்னு போன மாட்டு வண்டிங்க எல்லாம் பிளாட் ஆத்தங்கரையோரமா இதைக் கடந்து போச்சே தவிர யாரும் இறங்கல. இன்னைக்கு ஐ-80 ரோட்ல நம்மாளுங்க பண்றதும் அதேதான்.

உண்மையாவே 160 ஏக்கர் ஃப்ரீயா? ஏதோ கண்டிஷன் இருந்திருக்குமே?

இருந்துச்சு. 1862 மே 20ம் தேதி லிங்கன் கையெழுத்து போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அது. 21 வயசு ஆகியிருக்கணும் இல்ல குடும்பத் தலைவரா இருக்கணும், அமெரிக்கக் குடிமகனா இல்ல ஆகப் போறேன்னு எழுதிக் குடுத்தவரா இருக்கணும், அரசாங்கத்துக்கு எதிரா ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது (உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம்). லேண்ட் ஆபீஸ்ல போய் பதிஞ்சு, அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் வெச்சு, ரெண்டு சாட்சியைக் கூட்டிட்டு போய் நிரூபிச்சா பட்டா. எல்லா ஃபீஸும் சேத்து மொத்தம் 18 டாலர் வரும்.

அஞ்சு வருஷம் பொறுக்க முடியாதவங்க ஆறு மாசம் இருந்துட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டியும் வாங்கிக்கலாம். இந்த ஓட்டை வழியாத்தான் நிறைய பேர் ஆள் வெச்சு நிலம் சேத்தாங்க. சக்கரம் வெச்ச குடிசையை ஒரு நிலத்துல இருந்து அடுத்த நிலத்துக்கு உருட்டிட்டு போய் "வீடு இருக்கு சார்"னு காட்டினாங்கன்னு ஒரு கதை இங்க எல்லாரும் சொல்லுவாங்க.

அதென்ன 160ன்னு கணக்கு? 100, 200ன்னு ரவுண்டா குடுக்கக் கூடாதா? (மாமனார் கேட்டது. அவர் ரிட்டயர்டு சர்வேயர்.)

அவங்களுக்கு இதுதான் ரவுண்டு. நாட்டோட பெரும்பகுதியை ஒரு மைலுக்கு ஒரு மைல்னு சதுரம் சதுரமா கோடு போட்டு அளந்துட்டாங்க, ஒரு சதுரம் 640 ஏக்கர், அதை நாலா வெட்டினா 160. ஆறு எப்படி வளையுது, மேடு எங்க இருக்கு, தண்ணி எங்க இருக்குன்னு எதையும் பாக்காம மேப் மேல ஸ்கேல் வெச்சு போட்ட கோடு. பிளேன்ல போறப்ப கீழ செஸ் போர்டு மாதிரி தெரியுதே, அது இதுதான். இந்த செஸ் போர்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

160 ஏக்கர்ங்கிறது கிழக்குல மழை பெய்ற ஊருங்களுக்கு ஒரு குடும்பம் பொழைக்கப் போதும். அதே 160 மேற்கே காஞ்ச பூமிக்கும் செட் ஆகும்னு வாஷிங்டன்ல உக்காந்து நெனச்சதுதான் தப்பு.

பொம்பளைங்க பேர்ல வாங்க முடியுமா அப்பல்லாம்?

முடியும். கல்யாணம் ஆகாதவங்க, புருஷனை இழந்தவங்க, பிரிஞ்சவங்க எல்லாரும் தன் பேர்லயே பதியலாம், ஓட்டு போடற உரிமை வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே. புருஷன் கூட இருக்குற பொண்ணுக்குத்தான் பொதுவா கிடையாது, அவருதான் குடும்பத் தலைவர்னு கணக்கு. கஸ்டர் கவுண்டில (கவுண்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி) கிறிஸ்மன் அக்கா தங்கச்சிங்க நாலு பேர் ஒரு மண் வீட்டு முன்னாடி நிக்கிற 1886 போட்டோ ஒண்ணு ரொம்ப ஃபேமஸ். அதுல யார் முகத்துலயும் சிரிப்பு கிடையாது, ஆனா நிக்கிற தோரணையப் பாத்தாலே தெரியும் இது எங்க இடம்னு.

முதல் முதல்ல வாங்கின ஆள் யாரு?

டேனியல் ஃப்ரீமன்னு பொதுவா சொல்லுவாங்க. சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1, பிரவுன்வில் ஊர் லேண்ட் ஆபீஸ்ல நடுராத்திரி தாண்டின உடனே ஆபீசரை எழுப்பி பதிஞ்சார்னு கதை. அன்னைக்கே மத்த ஊர்கள்லயும் நூத்துக்கணக்கான பேர் பதிஞ்சிருக்காங்க, அதனால "முதல்"ங்கறதுல கொஞ்சம் விளம்பரமும் உண்டு. அவரோட நிலம்தான் இன்னைக்கு பியாட்ரிஸ் பக்கத்துல இருக்குற நேஷனல் பார்க். ஊர் பேரை நடுவுல அழுத்தி பி-யாட்-ரிஸ்னு சொல்லணும், இல்லன்னா உள்ளூர்க்காரங்க உடனே திருத்துவாங்க, நான் மூணு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

எனக்கு அவரைப் பிடிச்சது வேற விஷயத்துக்கு. பக்கத்து ஸ்கூல்ல டீச்சர் பைபிள் வாசிச்சு ஜெபம் பண்ண வைக்கிறாங்கன்னு கேஸ் போட்டார், 1902ல நெப்ராஸ்கா சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. அந்த ஒத்த ரூம் செங்கல் ஸ்கூல் இன்னும் பார்க்ல இருக்கு.

மரமே இல்லன்னா வீடு எதுல கட்டினாங்க?

புல்லோட சேத்து வெட்டின மண்ணுல. இந்த பிரெய்ரி (மரமில்லாத புல்வெளி) புல்லு இருக்கே, மேல பாக்குறத விட கீழதான் ஜாஸ்தி, வேர் அப்படியே பாய் பின்னின மாதிரி மண்ணைப் பிடிச்சிருக்கும். அதை ஒரு தனி கலப்பை வெச்சு ஒரு அடி அகலத்துக்கு நீளமா ரிப்பன் மாதிரி உரிச்சு, மண்வெட்டியால மூணடிக்கு ஒரு துண்டா நறுக்கி, புல்லு பக்கம் கீழ பாக்குற மாதிரி கவுத்து அடுக்கிக்கிட்டே போவாங்க. சுவர் ரெண்டு மூணு அடி மொத்தம் வரும். 16க்கு 20 அடி வீட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் புல்தரையே உரிக்கணும். "நெப்ராஸ்கா மார்பிள்"னு கிண்டலா ஒரு பேர் வெச்சிருந்தாங்க.

கோடைல ஜில்லுனு, குளிர்காலத்துல கதகதப்பா இருக்கும், காட்டுத்தீ வந்தாலும் நிக்கும். ஆனா கூரையும் மண்ணுதானே, மழை பெஞ்சா வெளிய விட்டு ரெண்டு நாள் கழிச்சும் உள்ள சொட்டிக்கிட்டே இருக்கும். பாம்பு, எலி எல்லாம் மேல இருந்து விழும்னு சமைக்கிற இடத்துக்கு மேல வெள்ளைத் துணி கட்டி விடுவாங்க. பார்க்குக்கு வந்த ஒரு அத்தை இதைக் கேட்டுட்டு "எங்க அப்பாயி வீட்டு ஓலைக் கூரைலயும் இப்படித்தான் துணி கட்டியிருந்தோம், தேள் விழும்னு"ன்னாங்க. கைடு அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்து சொன்னேன், அவங்க அத்தையோட கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

அடுப்பு எரிக்க விறகு?

வறட்டி. நெசமாத்தான். முதல்ல காட்டெருமை போட்டது, அது தீந்த பிறகு மாட்டு வறட்டி, அப்புறம் சோளக்கட்டை. ஐரோப்பால இருந்து வந்த பொம்பளைங்க முதல்ல ரெண்டு குச்சியால இடுக்கி எடுத்தாங்களாம், அப்புறம் துணி வெச்சு, அப்புறம் வெறுங்கையாலயே, கடைசில கையைத் துடைச்சுட்டு ரொட்டி மாவு பிசையற அளவுக்கு பழகிட்டாங்கன்னு சொல்லுவாங்க.

மரம் இல்லாத குறைலதான் ஸ்டெர்லிங் மார்ட்டன்ங்கிறவர் 1872 ஏப்ரல் 10ம் தேதி மரம் நடுற நாள்னு ஆரம்பிச்சார், உலகம் பூரா கொண்டாடுற ஆர்பர் டே இங்க பொறந்ததுதான். அப்புறம் 1902ல ஹால்ஸி பக்கம் மணல் மேட்டுல கையால நட்டே ஒரு காடு வளத்தாங்க, இன்னும் நிக்குது.

பழைய போட்டோல எல்லாம் ஏன் மேஜை நாற்காலி, மாடு எல்லாம் வீட்டு வாசல்ல நிறுத்தி வெச்சிருக்காங்க?

சாலமன் புச்சர்னு ஒரு போட்டோகிராஃபர். அவரே நிலம் வாங்கிட்டு விவசாயம் ஒத்து வராம விட்டவர்தான். 1886ல இருந்து கஸ்டர் கவுண்டி பூரா வண்டி கட்டிக்கிட்டு சுத்தி, கண்ணாடித் தகடுல ஆயிரக்கணக்கான படம் எடுத்தார். இருட்டான மண் வீட்டுக்குள்ள படம் எடுக்கிறது கஷ்டம், அதனால எல்லாத்தையும் வெளிய கொண்டாந்தாங்க. அதோட பிறந்த ஊருக்கு அனுப்பற படம், "நல்லா இருக்கோம்"னு காட்டணும்ல? கல்ஃப் போனவங்க கார் மேல சாஞ்சு நின்னு எடுத்து அனுப்பின போட்டோதான் இதுவும்.

சரி, அந்த நிலம் அதுக்கு முன்னாடி யாருதுங்க? சும்மா கிடந்துச்சா?

இந்தக் கேள்வியை பத்துல ஒருத்தர்தான் கேக்குறாங்க. சும்மா கிடக்கல. பானி, ஓமாஹா, ஓட்டோ, பொங்கா மக்கள் ஆத்தங்கரைல ஊர் கட்டி இருந்தாங்க, மேற்குல லக்கோட்டா, செயென், அரப்பஹோ. பானி மக்கள் மண்ணு போத்தின பெரிய வட்ட வீடுகள்ல இருந்து மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி எல்லாம் போட்டாங்க, பயிர் வேலை பொம்பளைங்க கைல, வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊரோட கிளம்பிப் போய் காட்டெருமை வேட்டை. ஆக மண் வீடும் சோளமும் வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்சதில்ல.

1854ல கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் போட்டு இதை ஒரு பிரதேசமா அறிவிச்ச அதே வருஷம் ஓமாஹாக்கள்கிட்ட நிலத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கினாங்க, 1857ல பானிகிட்ட. வாங்கினாங்கன்னு சொல்றது மரியாதைக்கு. பானி ஆளுங்க அமெரிக்க ராணுவத்துக்கு வேவு பாக்குற ஸ்கவுட்டா வேலை பாத்து ரயில் பாதைக்குக் காவல் இருந்தாங்க, அப்படியும் 1870கள் நடுவுல மொத்தமா இன்னைக்கு ஓக்லஹோமான்னு சொல்ற இடத்துக்கு போக வேண்டியதாச்சு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி 1873 ஆகஸ்ட் 5, வேட்டைக்குப் போன பானி கூட்டத்தை லக்கோட்டா படை ஒரு பள்ளத்தாக்குல மடக்கி நிறைய பேரை, பொம்பளை குழந்தைங்களையும் சேத்து, கொன்னுச்சு. காட்டெருமை குறையக் குறைய மிச்சத்துக்கு அடிச்சுக்கிட்ட சண்டை அது. "அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டாங்க"னு இதை வெச்சு கைகழுவுற ஆளுங்களையும் பாத்திருக்கேன். யார் நெருக்கி மூலைக்குத் தள்ளினதுன்னு கேட்டா பதில் வராது.

ஸ்டாண்டிங் பேர் கேஸ்னு ஒண்ணு இருக்காமே, யாரு அவரு?

பொங்கா இனத் தலைவர். 1868ல லக்கோட்டாவோட போட்ட ஒப்பந்தத்துல பொங்கா நிலத்தையும் சேத்து எழுதிக் குடுத்துட்டாங்க, வாஷிங்டன் பண்ண தப்பு. அதைத் திருத்தறதுக்கு பதிலா 1877ல பொங்கா மக்களையே தெற்கே ஓட்டிட்டாங்க. போன இடத்துல நோய்ல ஏகப்பட்ட சாவு, அவரோட மகனும் போயிட்டான். என்னை நம்ம ஊர் மண்ணுல புதைங்கன்னு கேட்டுட்டு செத்தான். 1879 ஜனவரி குளிர்ல சுமார் 30 பேரைக் கூட்டிக்கிட்டு, மகனோட எலும்பையும் எடுத்துக்கிட்டு நடந்தே கிளம்பினார். ஓமாஹா மக்கள்கிட்ட வந்து சேந்தப்ப கைது.

ஒரு பத்திரிகைக்காரர் விஷயத்தை வெளிய கொண்டு வந்து, வக்கீல்கள் ஆட்கொணர்வு மனு போட்டாங்க. அரசாங்கத் தரப்பு வாதம் என்னன்னா, இந்தியர்ங்கிறவர் (பூர்வகுடிகளை அப்படித்தான் சொன்னாங்க) சட்டப்படி "நபர்" கிடையாது, அதனால மனுவே செல்லாது! கோர்ட்ல அவர் கையை நீட்டி, இது உங்க கை நிறம் இல்ல, ஆனா குத்தினா எனக்கும் வலிக்கும்னு பேசினார். மே 12ம் தேதி நீதிபதி எல்மர் டண்டி, இந்தியரும் சட்டத்தின் முன்னாடி ஒரு நபர்தான்னு தீர்ப்பு எழுதினார். மகனை நயோப்ராரா ஆத்துப் பக்கம் புதைச்சார். பூர்வகுடிங்க எல்லாருக்கும் குடியுரிமைன்னு வர 1924 ஆச்சு. 2019ல வாஷிங்டன் கேப்பிட்டல்ல நெப்ராஸ்கா சார்பா அவர் சிலையை வெச்சாங்க.

மேல 160 ஏக்கர் கண்டிஷன் சொன்னேன்ல, அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் படிங்க. நேத்து கப்பல்ல இறங்கினவர் "குடிமகன் ஆகப் போறேன்"னு ஒரு காகிதத்துல எழுதினா போதும். இவர் நபர்னு சொல்ல கேஸ் நடத்தணும்.

கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைச்சுதா?

சட்டத்துல தடை இல்ல, கைல காசு இல்ல, அதான் பிரச்சனை. மாடு, கலப்பை, கிணறு, முதல் அறுவடை வரைக்கும் சாப்பாடு இதெல்லாம் 18 டாலர்ல வராது. பக்கத்து கான்சஸ்ல 1877ல நிக்கோடிமஸ்னு ஒரு ஊரே உருவாக்கினாங்க. நெப்ராஸ்கால செர்ரி கவுண்டில 1907 வாக்குல டிவிட்டின்னு ஒரு ஊர், ஸ்கூல், சர்ச், பேஸ்பால் டீம்னு நல்லா இருந்து 1930கள்ல காலியாச்சு.

வெட்டுக்கிளி வந்து ரயிலே நின்னுச்சுன்னு சொல்றது உருட்டா?

உருட்டு இல்ல. 1874 கோடைல மேற்கு வானம் மேகம் மாதிரி இருட்டிக்கிட்டு வந்து ஆலங்கட்டி மாதிரி கொட்டிச்சு. பயிர், மண்ணுக்குள்ள ஓட்டை போட்டு வெங்காயம், துணி, மண்வெட்டிப் பிடில வேர்வை உப்பு பட்ட இடம் வரைக்கும் தின்னுச்சு. தண்டவாளத்துல நசுங்கி வழுக்கி ரயில் சக்கரம் சும்மா சுத்தினதால மணல் போட்டு ஓட்டினாங்க. அடுத்த வருஷம் பிளாட்ஸ்மவுத் ஊர்ல வானிலை பாத்துக்கிட்டிருந்த ஆல்பர்ட் சைல்ட்ங்கிறவர் தந்தி விவரங்களை வெச்சு ஒரு கூட்டம் 1,800 மைல் நீளம், 110 மைல் அகலம்னு கணக்கு போட்டார்.

வினோதம் என்னன்னா 1902க்கு அப்புறம் அந்த இனத்தை உயிரோட யாரும் பாக்கல. மலைப் பள்ளத்தாக்குல அது முட்டை போடற இடங்களை விவசாயிங்க உழுததுலயே அழிஞ்சிருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. யாரும் திட்டம் போட்டுப் பண்ணல.

ஸ்கூல் பசங்க பனிப்புயல்னா என்ன? பேரே பயமா இருக்கு.

1888 ஜனவரி 12. காலைல குளிர் விட்டு இதமா இருந்துச்சு, பசங்க கனமான கோட் இல்லாம ஸ்கூலுக்குப் போயிட்டாங்க, ஆம்பளைங்க மாட்டை வெளிய விட்டாங்க. அப்புறம் ஒரு நிமிஷத்துல வெள்ளைச் சுவர் மாதிரி வந்து அடிச்சது, நீட்டின கை தெரியாது, மாவு மாதிரி பனி. ஸ்கூல்லயே இருக்கிறதா வீட்டுக்கு அனுப்பறதான்னு ஒவ்வொரு டீச்சரும் தானே முடிவு எடுக்கணும், அவங்களுக்கே இருபது வயசுகூட நிரம்பாது பாதிப் பேருக்கு. டகோட்டா, நெப்ராஸ்கா எல்லாம் சேத்து 235 பேர்னு வழக்கமா சொல்ற கணக்கு.

மின்னி ஃப்ரீமன்ங்கிற டீச்சர் கூரை பிச்சுக்கிட்டு போன பிறகு பசங்க எல்லாரையும் பத்திரமா ஒரு பண்ணை வீட்டுக்குக் கொண்டு போய் சேத்தார். கயிறு கட்டி கூட்டிட்டு போனார்னு பத்திரிகைங்க எழுதினதுதான் சந்தேகம், கூட்டிட்டு போனது உண்மை. பிளெய்ன்வியூ பக்கம் இன்னொரு டீச்சர் மூணு பசங்களோட வழி தவறி வைக்கோல் போர்கிட்ட ராத்திரி பூரா கட்டிப் பிடிச்சு படுத்திருந்தார். மூணு பேரும் அவர் கைலயே போயிட்டாங்க, அவருக்கு பாதம் ரெண்டையும் எடுக்க வேண்டியதாச்சு. அவருக்கு யாரும் அவ்வளவா பாட்டு எழுதல.

ரயில் கம்பெனிக்கும் நிலம் குடுத்தாங்களாமே, அப்ப ஏழைக்கு என்ன மிச்சம்?

நல்ல கேள்வி. ஒமாஹால இருந்து மேற்கே போட்ட யூனியன் பசிபிக் பாதைக்கு அரசாங்கம் பாதையோட ரெண்டு பக்கமும் 20 மைல் வரைக்கும் அந்த செஸ் போர்டுல ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டம் எழுதிக் குடுத்துச்சு. மிச்சக் கட்டத்துல ஹோம்ஸ்டெட் கேட்டா ரொம்ப வருஷம் வரைக்கும் 160 கிடையாது, 80தான். ஃப்ரீ நிலம் வேணும்னா ஸ்டேஷன்ல இருந்து தள்ளிப் போகணும், தள்ளிப் போனா சோளத்தை விக்க வண்டிச் செலவு. இல்லன்னா ரயில் கம்பெனிகிட்ட காசு குடுத்து வாங்கணும். அவங்க ஐரோப்பா பூரா நோட்டீஸ் அடிச்சு ஸ்வீடன், ஜெர்மனி, செக் நாட்டுக்காரங்களை இறக்கினாங்க. 1860ல 28,841 பேர் இருந்த இடத்துல 1880ல 4,52,402 பேர். சரக்கு வாடகையை ஏத்தி ஏத்தி அதே ரயில் கம்பெனிங்க மேலதான் பின்னாடி விவசாயிங்க கொதிச்சு 1892ல ஒமாஹால கூடி தனிக் கட்சிக்கு கொள்கை எழுதினாங்க.

மேற்கே மழையே இல்லன்னா ஏன்தான் போனாங்க? படிச்சவங்க சொல்லலையா?

படிச்சவங்கதான் கெடுத்தாங்க. நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி புரொஃபசர் சாமுவேல் ஆஹே, உழுதா மண்ணு தண்ணியை உறிஞ்சு திரும்ப விடும், மழை கூடும்னு சொன்னார். அதை நிலம் விக்கிறவங்க "மழை கலப்பைக்குப் பின்னாடி வரும்"னு கோஷமாக்கிட்டாங்க. 1880கள்ல தற்செயலா நல்ல மழை வேற. 1890கள்ல, முக்கியமா 1894ல, வறட்சி வந்து மேற்கு கவுண்டிங்க காலியாச்சு.

1904ல கின்கேட் சட்டம்னு போட்டு மேற்கு நெப்ராஸ்காவுக்கு மட்டும் 640 ஏக்கர், அதாவது ஒரு முழு கட்டம், குடுத்தாங்க. அந்த மணல் மேட்டுப் பூமிக்கு (புல்லு மூடின மணல் குன்று, சுமார் 19,000 சதுர மைல்) அதுவும் பத்தல. உழுதா மணல் பறக்கும், மாடு மேய்க்கத்தான் லாயக்கு. கடைசில பெரிய மாட்டுப் பண்ணைக்காரங்க வாங்கிப் போட்டாங்க.

அப்ப எத்தனை பேருக்குத்தான் பட்டா கிடைச்சுது?

நாடு பூரா 16 லட்சம் பட்டா, 27 கோடி ஏக்கர், அமெரிக்க நிலத்துல பத்துல ஒரு பங்கு. நெப்ராஸ்கால 45 சதவீத நிலம் இப்படித்தான் போச்சு, எந்த மாநிலத்தை விடவும் ஜாஸ்தி. பதிஞ்சவங்கள்ல பாதிக்குப் பக்கம் பேர் பட்டா வரைக்கும் வரல, சரியா எவ்வளவுங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே அடிதடி. பார்க் வாசல்ல ஒவ்வொரு மாநிலத்தையும் இரும்புத் தகடுல செஞ்சு, ஹோம்ஸ்டெட்ல போன பங்கை மட்டும் ஓட்டையா வெட்டி வெச்சிருக்காங்க. நெப்ராஸ்கா தகடுல பாதி வெறும் ஓட்டை, அது வழியா புல்லு தெரியும். அங்க பார்க்கிங் இடம் சரியா ஒரு ஏக்கர், வண்டியை நிறுத்திட்டு இதை 160ஆல பெருக்கிப் பாருங்கன்னு சொல்லிட்டு போவேன்.

பிளேன்ல இருந்து பாத்தா வட்ட வட்டமா பச்சையா தெரியுதே, அது என்ன?

சென்டர் பிவட். நடுவுல போர்வெல், அதுல இருந்து கால் மைல் நீளத்துக்கு சக்கரம் வெச்ச பைப், கடிகார முள்ளு மாதிரி சுத்திக்கிட்டே தண்ணி தெளிக்கும். ஃப்ராங்க் சைபாக்ங்கிற விவசாயி 1952ல காப்புரிமை வாங்கினது. கால் மைல் ஏன்னு யோசிச்சீங்களா? 160 ஏக்கர் கட்டத்தோட பாதி அகலம் அது. அந்தக் காலத்துல வெட்டின சதுரத்துக்குள்ள போட்ட வட்டம், அதான் நாலு மூலையும் காஞ்சு கிடக்குது. தண்ணி ஒகலாலா நிலத்தடி நீர்ல இருந்து வருது. நெப்ராஸ்காவுக்கு அடில நல்லா இருக்கு, தெற்கே டெக்சஸ் பக்கம் போகப் போக உறிஞ்சித் தீத்துட்டாங்க.

கடைசியா, இப்பவும் குடுப்பாங்களா? விசால இருக்குறவங்க அப்ளை பண்ணலாமா? (இதைக் கேக்காத தம்பிங்களே கிடையாது.)

1976ல சட்டத்தை எடுத்துட்டாங்க, அலாஸ்கால மட்டும் 1986 வரை ஓடுச்சு. ஆனா 2010ல பியாட்ரிஸ் ஊர் நிர்வாகமே காலி மனை சிலதை, வீடு கட்டி குடியிருந்தா ஃப்ரீன்னு அறிவிச்சுது, ஊர்ல ஆள் குறையுதுன்னு. ஏக்கர் எல்லாம் இல்லப்பா, வெறும் மனைதான். போய் என்னன்னு விசாரிச்சுட்டு வரலாமான்னு வீட்ல கேட்டேன், பனிக்காலத்துல கேட்டது என் தப்பு.